பூனைக்காலியும் முகூர்த்தப் புடவையும்

சம்பளம் இல்லாத வேலையில் சேர்ந்தவர்களுக்குத்தான் பந்தா அதிகம். சம்பளம் வாங்குகிறவர் வேலையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருவார். இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளை அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும். நானும் தூக்கிக்கொண்டு வந்தேன், ஒரு பை நிறைய.

அப்போது எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். தேசூர் பக்கத்துக் குன்றுகளில் புதர்ச்செடிகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்துவந்த ஒரு மேடத்திடம் இன்டர்ன்ஷிப். நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் என்னென்ன செடி, எத்தனை செடி என்று குனிந்து எண்ண வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த வேலைதான். ஆனால் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குனிந்த படம் ஒன்றுகூட வராது. தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர் (செடி எண்ண பைனாகுலர் எதற்கு என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை), தூரத்து மலையை வெறிக்கும் பார்வை. இதுதான் நான்.

வீடு முள்ளிப்பட்டில். அப்பா தறிக்காரர்களுக்குப் பட்டு கொடுத்து நெய்து வாங்குவார். விற்பது அம்மா. எங்கள் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து அம்மா உட்கார்ந்துவிட்டால், “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்றவர்கள்கூட வெறுங்கையோடு போனதில்லை.

அந்தத் தை மாதம் மேடம் எனக்குக் கொடுத்த வேலை, பூனைக்காலிக் காய்களைப் பறித்து உலர்த்தி, விதைகளை எடை போடுவது. பூனைக்காலி என்பது கொடி. காய் முழுக்கப் பொன்னிறத்தில் மென்மையான முடி இருக்கும், பூனையின் பாதம் மாதிரி. பார்த்தால் தடவத் தோன்றும். தடவினால் அன்றைய பொழுது அதோடு சரி, சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

“கையுறை இல்லாம தொடாத பவித்ரா. அந்த முடி காத்துல பறக்கும், ஜாக்கிரதை. நிழல்ல, நல்ல காத்தோட்டமான எடத்துல ஒலர்த்து” என்றார் மேடம்.

என் அறிவு இதில் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் நல்ல காற்றோட்டமான இடம் கூடம். கூடத்தில் யார் கையும் படாத இடம் புடவை பீரோவின் தலை. செய்தித்தாள் விரித்து அங்கே காய்களைப் பரப்பினேன். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடம். அப்போது அது ஓடவில்லை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு ஓய்வெடுக்கும் தோரணையில் படுத்துத் தூங்கினேன்.

மதியம் தெள்ளாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும், ஆரணியிலிருந்து பெண் வீட்டாரும் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் எடுக்கப்போகிறார்கள், பெரிய வியாபாரம். ஆனால் வரும்போதே முறுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாணப்பெண் திவ்யாவுக்கு மயில் பச்சை வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அரக்கு. “எங்க வூட்டு வழக்கம் அரக்குதான்” என்று அந்த அம்மா சொல்ல, திவ்யா முகத்தைத் திருப்பிக்கொள்ள, கூடம் புழுங்கியிருக்கிறது. அம்மா எழுந்து மின்விசிறியைப் போட்டிருக்கிறார்.

கூச்சல் கேட்டு எழுந்து வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் திவ்யாவின் அம்மா இரண்டு கையையும். மாப்பிள்ளையின் மாமா, மரியாதைக்குரிய பெரியவர், சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது? புடவைய எடுத்து மேல போட்டதும் இப்டி அரிக்குது? பட்டுதானா இது? இன்னாத்த கலந்து நெய்றீங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

என் அம்மாவின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. அசல் பட்டா என்று அம்மாவிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

“நல்லா கேட்டீங்க போங்க! ஊர்ல யாரை வேணா விசாரிங்க. எங்க பட்டு அரிக்கும்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல” என்று அம்மா சொன்னார். சொல்லும்போதே அவர் கையும் தன்னிச்சையாகக் காதோரம் போய்ச் சொறிந்தது. (சாட்சி சொல்ல வந்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறிய மாதிரி.)

நான் பீரோவைப் பார்த்தேன். செய்தித்தாள் படபடத்துக்கொண்டிருந்தது. வெயில் கீற்றில் பொன்னிறமாக ஏதோ மிதந்தது. அழகாகத்தான் இருந்தது.

“ஃபேனை நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“அவங்களே வேர்த்துகினு ஒக்காந்துகினு கீறாங்க, இவ நிறுத்த சொல்றா” என்று அம்மா வேகத்தை இன்னும் கூட்டிவிட்டார்.

பாய்ந்து போய் நானே நிறுத்தினேன். பிறகு எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அரிப்பு பட்டால் இல்லை, என்னால்தான் என்று.

அதோடு வாயை மூடியிருக்கலாம். தாவரவியல் படித்தவள் ஆயிற்றே! “எல்லாரும் தண்ணி ஊத்திக் கழுவுங்க, ஜல்தி!” என்று ஆணையிட்டேன். எல்லோரும் கொல்லைப்புறக் குழாய்க்கு ஓடினார்கள். கழுவினார்கள். அரிப்பு இரண்டு மடங்கானது.

மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஐயோ, தண்ணி ஊத்தாத! சொறியவும் கூடாது. சாணியப் பூசி, காஞ்சதும் உதிர்த்து எடுத்தா முடியும் அதோட வந்துடும்.”

“சயின்ஸ்ல சாணியா?” என்றார் அம்மா.

மேடம் அதைக் கவனிக்கவில்லை. அவர் குரலில் திடீரென்று ஓர் உற்சாகம். “பவித்ரா, முடி எவ்ளோ தூரம் போச்சு? வாசல் பக்கம் ஒக்காந்தவங்களுக்கும் அரிச்சுதா? அளந்து பாரேன்!”

“அளக்கணுமாமே!” என்று அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே போனை அணைத்தேன்.

அப்பா அதிகம் பேசாதவர். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு அன்னக்கூடை நிறையச் சாணியோடு வந்தார். பட்டுப்புடவை எடுக்க வந்த இரண்டு குடும்பமும் எங்கள் கொல்லையில் வரிசையாக நின்று பூசிக்கொண்டது. கழுத்துக்குப் பின்னால் மட்டும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கை எட்டவில்லை.

“திரும்புங்க அத்தை” என்றாள் திவ்யா. அதுவரை அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பூசி முடித்தவள் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா முறைத்தார். பிறகு திவ்யாவின் கன்னத்துச் சாணியைப் பார்த்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் முதுகு தேய்த்த மாமாகூடச் சிரித்தார்.

“ஏம்மா, நீ மயில் பச்சையே எடுத்துக்கோ. எனக்கு இப்ப எந்த கலரும் வோணாம், அரிப்பு நின்னா போதும்” என்றார் மாமியார்.

அன்று வியாபாரம் ஆகவில்லை. பிரித்த புடவைகளை எல்லாம் மொட்டை மாடியில் விரித்து, கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, பார்சல் ஒட்டும் டேப்பால் அங்குலம் அங்குலமாக ஒத்தி முடி எடுத்தேன். பைனாகுலரை யாரும் கேட்காமலேயே கழற்றி வைத்திருந்தேன். சில நாள் கழித்து மாமியாரும் மருமகளும் ஒரே ஸ்கூட்டியில் வந்து, சொன்னபடி மயில் பச்சை எடுத்தார்கள். உள்ளே வரும் முன் பீரோவின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

இப்போது நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மாணவர்களைக் குன்றுக்கு அழைத்துப் போகிறேன். ஆனால் முள்ளிப்பட்டு வீட்டு வாசலில் பையோடு நான் நுழைந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: “பவி வந்துட்டா, ஃபேனை நிறுத்து!” பையில் பழமே இருந்தாலும் சரி. அம்மா ஆரம்பித்தது, தம்பி பிடித்துக்கொண்டான், என் கல்யாணத்தில் திவ்யாவின் மாமியார் மேடையேறி என் வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். இன்று என் மகள்வரைக்கும் சொல்கிறாள்.

போன மாதம் நான் வாசல்படியில் கால் வைத்த அதே நொடி, கரண்ட் போய் மின்விசிறி தானாகவே நின்றது. எல்லோரும் வாயைத் திறக்கும் முன், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஈ.பி. ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சிபோச்சா?”