பால்மரத்தைத் தொட்டு மலையேறிய பதிமூன்று பேர்

ஈஜோக்,
செவ்வாய்க்கிழமை.

ஸ்காட்லாந்தில் பனியோடு மல்லுக்கட்டும் என் பேத்தி லோகேஸ்வரிக்கு, பாட்டி தாயம்மா எழுதிக்கொண்டது. இங்கு நானும் பூனையும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அரிசி டப்பாவில் காய்கிறது. அதுவுமில்லாமல், இதைக் குடும்பக் குரூப்பில் சொன்னால் சுங்கை பெசாரில் இருக்கும் உன் அத்தை வரைக்கும் சிரித்துக் கிடப்பார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் மானத்தை என் கையெழுத்திலேயே வாங்கிக்கொள்கிறேன்.

பனிமலை ஏறுமுன் மேகம் பார்ப்பேன், பாதை பார்ப்பேன், சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று நீ சொல்லிக் கொடுத்தாய் அல்லவா? "நீயும் பழகிக்க பாட்டி, மார்ச்சுல உன்னைப் பனி பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்"னு வேற சொன்னே. அது என் தலைக்கேறிவிட்டது. நம் கோயில் மாதர் குழு ஞாயிற்றுக்கிழமை செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறப் போகிறதென்றதும், "மழையும் பாதையும் என் பொறுப்பு"ன்னு கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிட்டேன். குழுத் தலைவி திலகா, "அக்கா, இது மெலாவத்திக் குன்று மாதிரி தார் ரோடு இல்ல, செம்மண் லா"ன்னா. "என் பேத்தி ஸ்காட்லாந்து"ன்னேன். அதோட பொறுப்பு என் பேருக்கே வந்துட்டுது.

போனில் வானிலை பார்க்காமல் இல்லை. பார்த்தேன்: மேகம், மின்னல். மறுநாள் பார்த்தேன்: மேகம், மின்னல். வருஷக் கடைசியில நம்ம ஊருக்குத் தினமும் அதே படம்தான் போடுது; காலண்டர்ல சாமி படம்கூட மாசத்துக்கு ஒருக்கா மாறும். அதனால ஞாயிறு விடியக்காலையில் என் வழிக்கே போனேன். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவ நான். ராத்திரி மழை பெஞ்சா, காலையில எங்களை வேலை வாங்குற மண்டோர் மரத்துப் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமா இருந்தா வேலை இல்லை. காய்ஞ்சிருந்தா வாளியைத் தூக்கணும். இப்ப எங்க பார்த்தாலும் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. கோயிலுக்குப் பின்னால ஒத்தை பால்மரம்தான் மிச்சம். குனிஞ்ச தலை நிமிராமப் போய்த் தொட்டேன். அப்பளம் மாதிரி காய்ஞ்சிருந்தது. உடனே குழுவுக்கு வாய்ஸ் போட்டேன்: "ராத்திரி தூறினது சும்மா. பட்டை காய்ஞ்சிருக்கு, பாதையும் காய்ஞ்சிருக்கும். குடை எதுக்கு, பாரம்!" பன்னிரண்டு பொம்பளைங்க என்னை நம்பிக் குடையை வீட்டுல வச்சிட்டு வந்தாங்க.

பாதை புளிக்கரைசலாட்டம் கிடந்தது. பாதி ஏறினதும் மழை பிடிச்சுக்கிச்சு. திலகா வழுக்கி என்னைப் பிடிச்சா, நான் பின்னால வந்தவளைப் பிடிச்சேன், அவ அடுத்தவளைப் பிடிச்சா, இப்படியே ரயில் பெட்டி மாதிரி பதிமூணு பேரும் உட்கார்ந்தவாக்கில கீழே வந்து சேர்ந்தோம். எலுமிச்சை சாதச் சட்டி எங்களுக்கு முன்னாடியே வந்து காத்திருந்தது. எங்க வேன் சேத்துக்குள்ள வர மாட்டேன்னுட்டுது. கடைசியில செல்லையாவோட செம்பனைக் குலை ஏத்துற லோரிதான் வந்தது. "ஏறுங்கக்கா, ஆனா நேரா ஆலைக்குத்தான் போவேன்"னான். ஆலையில் லோரியை நிறுவை மேடையில் ஏற்றினால், எடைக் கணக்கு எழுதுற கிராணி எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுல குலை எவ்வளவு, ஆளு எவ்வளவு?"ன்னார். எங்களை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தார். வித்தியாசம் எண்ணூத்தித் தொண்ணூறு கிலோ. அதைப் பதிமூணால வகுக்க அஞ்சாம் வகுப்பே போதும், ஒருத்தியும் வகுக்கலை.

யாரும் என்னை ஏசவில்லை, கண்ணு. அதுதான் தாங்கலை. நேற்று திலகா வந்து என் கையைப் பிடித்து அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "மேல பாருங்கக்கா." அன்னதானத்துக்குப் போட்ட புதுத் தகரக் கூரை, மரத்தையும் சேர்த்து மூடி நிற்கிறது. முகப்புப் பலகையில் மஞ்சள் பெயிண்டில்: உபயம், திருமதி தாயம்மா, ஈஜோக். தீபாவளிக்கு முன்னாடி நானே வாங்கிக் கொடுத்த தகரம். பிரளயமே வந்தாலும் அந்த மரம் நனையாது. திலகா சிரிக்கலை. "கூரை நல்லா இருக்குக்கா"ன்னு மட்டும் சொன்னா.

ஆகவே இது நிமிர்ந்து பார்க்காத குற்றமே தவிர வேறில்லை, யாருக்கும் நடக்கக்கூடியது. இதற்காக மார்ச் பயணத்தை நிறுத்திவிடாதே. நீ கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்காமல் இருக்க மாரியம்மா முன்னால் நடக்கட்டும்.

உன் பாட்டி,
தாயம்மா

பின்குறிப்பு: நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுதியது பொய். டார்ச் அடிச்சு என் பேரை ரெண்டு தடவை வாசிச்சேன். அப்புறம்தான் கூரைக்கடியில் போய் மரத்தைத் தொட்டேன். வெளியே வரும்போது தகரத்துத் தண்ணி பிடரியில் சொட்டுச்சு. துடைச்சிட்டுத்தான் வாய்ஸ் போட்டேன். அதுக்கு முன்னாடியே திலகா, "மழை வரும், அடுத்த வாரம் போகலாமா?"ன்னு கேட்டிருந்தா. அவ சொன்னது சரின்னு எப்படிச் சொல்றது? மார்ச்சில் மேகத்தை நீயே பார். நான் குடை மட்டும் கொண்டு வருகிறேன். இதைத் திலகாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவள் அவள்தான். உறையை ஒட்டாமல் கொடுக்கிறேன்.