தீவுக்குப் போகும் வழியில் மாமனார் செத்த கதை

என் மாமனாரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் இருபத்திரண்டு வருடம் நல்ல ஆரோக்கியத்தோடு வாழ்ந்தார் என்பதால் போலீஸ், கோர்ட் என்று எதுவும் வரவில்லை. தண்டனையை மட்டும் என் மனைவி கஸ்தூரி இன்றுவரை தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் ஒரு தீவைச் சுற்றிப் பார்க்கும் ஆசையால் வந்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் பதினொரு பேர். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுதான் பேச வேண்டும். (மண்ணெண்ணெய் வரிசை என்றால் இன்னும் விசேஷம். ரொம்ப நீளம்.) அப்படி ஒரு வரிசையில்தான் கஸ்தூரி சொன்னாள்:

"ஸ்கூல்ல படிக்க சொல்ல ஒரு தடவ கடலூர் இட்டுக்கினு போனாங்க. கடல் முன்னாடி மட்டுந்தான் இருந்திச்சி. திரும்பிப் பாத்தா பஸ்ஸு, டீச்சரு, சுண்டல்காரன். நாலு பக்கமும் கடலா இருந்தா எப்பிடிங்க இருக்கும்?"

"காட்டறேன்" என்றேன். நானும் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. புது மாப்பிள்ளைக்கு அந்த அளவு உரிமை உண்டு.

அப்போது நான் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. எந்த ஊரில் யார் கரும்பை எந்தத் தேதியில் வெட்டுவது என்று எழுதித் தருவது என் வேலை. ஒரு பிர்க்காவின் அத்தனை ஊர்க் கரும்பையே தேதி போட்டு வெட்ட வைக்கிறவனுக்கு ஒரு தீவு எம்மாத்திரம்? ராமேஸ்வரத்துக்குப் பாலம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூட அட்லஸில் அந்தத் தீவு ஓர் உடைந்த அரிசி அளவு இருந்தது. அதை நாற்பது பக்க நோட்டில் இரண்டு பக்கத்துக்குப் பெரிதாக வரைந்து, ஓரமாகச் சுற்றிலும் சிவப்பு மையில் ஒரு சாலையும் போட்டேன். தீவு என்று இருந்தால், கோயிலுக்குப் பிரகாரம் மாதிரி, சுற்றிவர ரோடு இருக்காதா? நேரமும் குறித்தேன். "காலை 6.10: பாலத்தின் நடுவில் நிறுத்துதல். 6.25 வரை ரசித்தல். 6.26: கிளம்புதல்." கரும்பு வெட்டு உத்தரவு எழுதிப் பழகிய கை. ரசனைக்கும் டோக்கன் போட்டுவிட்டது.

கஸ்தூரி அந்த நோட்டைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். "பாம்பன்ல எவ்ளோ நேரம் போட்டுக்கிறீங்க? இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் போடுங்களேன்" என்பாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் திருச்சியில் டிபனை ரத்து செய்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அந்த நாளில் மலைக்குப் போனால் போனதுதான். மழை பிடித்தால் பஸ் ஏறாது, லீவு கேட்டால் மாற்றுக்கு ஆள் கிடையாது. கையில் இருந்தது ஆறே நாள். அந்த ஆறு நாளை விட்டால் தீவும் இல்லை, நாங்கள் இருவர் மட்டுமாக இருக்கும் இடமும் இல்லை.

சனிக்கிழமை காலை, நண்பர் ஒருவரின் ராஜ்தூத் பைக்கை இரவல் வாங்கிக் கிளம்பினோம். சின்னசேலம் போய், பெரம்பலூர், திருச்சி வழியாகத் தெற்கே இறங்குவதாகத் திட்டம்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் வட்டாரமே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு வாரம் பஸ் ஓடும், ஒரு வாரம் ரோட்டில் மரம் படுத்திருக்கும். கோரிக்கை நியாயமானது என்று டீக்கடை பெஞ்சைத் தட்டிப் பேசியவன்தான் நானும். ஆனால் நியாயம் என் டூர் தேதியில் வந்து குறுக்கே படுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

சின்னசேலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேலும் அதைச் சுற்றியும் நாற்பது ஐம்பது பேர். எங்களுக்கு முன்னால் ஒரு வேன், முகப்பில் மாலை கட்டிக்கொண்டு நின்றது. யாரோ "சாவு வண்டிப்பா, வுடு" என்றதும் கிளையை இழுத்து ஓரமாக வழி விட்டார்கள். அடுத்தது நான்.

கழுத்தில் ரோஜா மாலையோடு தாடிக்காரர் ஒருவர் வந்தார். அவர்தான் அங்கே தலைவர்.

"எங்க தம்பி?"

"ராமேஸ்வரம், தீவைச் சுற்றிப் பார்க்க" என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சிரித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் எனக்குப் பயம் வந்தால் முதலில் வேலை செய்வதை நிறுத்துவது மூளை, முதலில் வேலை செய்ய ஆரம்பிப்பது வாய்.

"சாவுங்க. சின்னசேலம். மாமனாரு."

"யாரு?"

"வெதக்கடைக்காரருங்க."

"அய்யய்யோ! வெதக்கடைக்காரரா? நேத்துகூட மணிலா கொட்ட வாங்கினு வந்தேனே!"

கூட்டம் முழுக்க உச்சுக்கொட்டியது. சுற்று வட்டாரத்தில் விதை விதைத்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய விஷயம் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் செத்தால் பெண்ணிடம் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். 'ஒடம்பு சரியில்ல, வா', 'சந்தைக்குப் போலாம், வா' என்று ஏதாவது சொல்லிக் கூட்டிப்போவார்கள். ஊர் எல்லைக்குப் போன பிறகுதான் உடைப்பார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனதோ அவள் அப்பா ஊர் வழியாக. கஸ்தூரிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, தப்பாகப் புரிந்துவிட்டது.

"அதுக்குத்தான் தீவு தீவுன்னு சொல்லி இட்டாந்தீங்களா!" என்று அலறினாள். "அய்யோ, எங்கப்பா!"

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. தாடிக்காரர் என்னை முறைத்தார். "இன்னா மனுசன்யா நீ? பெத்த பொண்ணுகிட்ட சொல்லாமயா இட்டுக்கினு வருவ?" இருபது பேர் சேர்ந்து அந்தப் புளியமரத்தையே நகர்த்தினார்கள். "மின்னாடி இன்னும் ரெண்டு எடத்துல மரம் கெடக்குது. நான் வந்தாதான் வுடுவாங்க" என்று தாடிக்காரர் எங்கள் வண்டியில் மூன்றாவது ஆளாக ஏறினார். பின்னால் ஏழெட்டு சைக்கிள்கள்.

வண்டி ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி, "கஸ்தூரி, உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

செத்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறவன் எவனும் சொல்வது அதைத்தான். அவள் இன்னும் பெரிதாக அழுதாள். தாடிக்காரர் அவளைத் தாண்டிக் கை நீட்டி என் தோளைத் தட்டி, "இனிமே மறைச்சி இன்னா தம்பி பிரயோஜனம்?" என்றார்.

ஆக, அவள் அழுகையை நிறுத்த ஒரே வழி, அவள் அப்பாவை உயிரோடு காட்டுவதுதான். மாமா, எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு இருங்கள் என்று ஊர்ச் சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

மாமா காப்பி குடித்துக்கொண்டு இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. பந்த் என்பதால் கடையையும் சாத்திவிட்டு, உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்து, வாசலில் பெஞ்சு போட்டு, கோவணத்தோடு மல்லாந்து படுத்திருந்தார். கண் கூசாமல் இருக்க முகத்தின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு.

அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. (வாய் முகூர்த்தம் பலித்துவிட்டதோ?)

கஸ்தூரி ஓடிப்போய் அவர்மேல் விழுந்தாள். எண்ணெய் வழுக்கி அந்தப் பக்கம் போய் விழுந்தாள். தாடிக்காரர் காலையில் தனக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி மரியாதையோடு மாமாவின் நெஞ்சில் வைத்தார். மாலை பட்ட குளிர்ச்சியில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

சைக்கிள்காரர்களில் மூன்று பேர் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் போனவர்கள், மறுநாள்தான் வந்து எடுத்துப்போனார்கள்.

மாமா முகத்துத் துண்டை எடுத்து எல்லோரையும் பார்த்தார். "யாருப்பா செத்தது?"

தாடிக்காரர் தயங்கினார். "நீங்கதாங்க."

"எப்போ?"

"உங்க மருமவன் சொன்னாருங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் வழிந்த அந்த முகத்தில் கோபமா சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தீவு, பாலம், ஆறு நாள், வெள்ளிமலை, புளியமரம்.

"அதெல்லாம் சரி மாப்ள. சாவடிக்கிறதுக்கு நான்தானா கெடைச்சேன்? உங்கப்பா பேரைச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

பயத்தில் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. "அவரைச் சொல்ல மனசு வரல மாமா."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கட்டிய அபராதத்தில் நாலு தீவை விலைக்கு வாங்கியிருக்கலாம். பெஞ்சுக்கு அந்தப் பக்கம் புடவையெல்லாம் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த கஸ்தூரி, அழுகையை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமாதான் விழுந்து விழுந்து சிரித்தார். தாடிக்காரரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "செத்தா எத்தினி பேரு வருவாங்கன்னு பாத்துட்டேன் தலைவரே. இனிமே நிம்மதியா சாவலாம்" என்றார்.

ஆனால் சேதி சும்மா இருக்கவில்லை. பஸ் ஓடாத நாளில் சேதிதான் ஓடும். திருக்கோவிலூரிலிருந்து ஆள் வந்தது. மாமாவோடு பிறந்த மணலூர்பேட்டை அத்தை வண்டி மாறி, வழியெல்லாம் நடந்து, மூன்றாம் நாள் தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துக்கொண்டு வந்தாள். வாசலில் மாமா நிற்பதைப் பார்த்ததும் ஒப்பாரி நின்று கோபம் வந்துவிட்டது. "இம்மாந் தூரம் காலு ஒடிய வந்தேன், நீ உசுரோட கீற!" மாமா, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி, "இன்னா பண்றது, மன்னிச்சிக்க" என்றார்.

மரங்களை எடுத்து முடித்தபோது எங்கள் ஆறு நாளில் ஐந்து போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, தீவுக்கென்று கட்டிய அதே பையோடு, அதே ராஜ்தூத்தில், அவளைக் கல்வராயன் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் அந்தப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, ஏற்றமெல்லாம் ஏறி, ஒரு வளைவில் வண்டி சூடாகி நின்றது. இறங்கிப் பார்த்தால், கீழே பள்ளம் முழுக்க மேகம் நிரம்பி வெள்ளையாகத் தளும்புகிறது. குன்றுகளின் தலை மட்டும் அங்கங்கே கறுப்பாகத் தெரிகிறது. கஸ்தூரி வெகுநேரம் பார்த்தாள்.

"நாலு பக்கமும் இருந்தா இப்பிடித்தான் இருக்கும், இல்லீங்க?"

 என் வாய் வேலை செய்யாமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது.

ஏழு வருடம் அவள் மேலே, நான் கீழே. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவேன். மழையில் பஸ் ஏறாத வாரங்களில் கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் நின்று மலையைப் பார்ப்பேன். மேகம் மூடியிருக்கும். அதற்குள் ஏதோ ஒரு குன்றின் தலையில் அவள் இருப்பாள். பிறகு மாற்றல் வந்தது, பையன் பிறந்தான், வீடு கட்டினோம். 'அடுத்த லீவுக்குத் தீவு' என்று ஒவ்வொரு வருடமும் சொன்னோம். அடுத்த லீவுக்கு யாருக்காவது கல்யாணம் வரும்.

கடைசியில் மாமா நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் வேலையை, யோசிக்காமல், என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மணலூர்பேட்டைக்குப் போன் போட்டேன். அத்தை மகன் எடுத்தான். "மாமா தவறிட்டாருப்பா" என்று குரல் உடைந்து சொல்கிறேன், அந்தப் பக்கம் சிரிப்பு. "போங்கண்ணே, இந்த தபா எந்த ஊருக்கு டூரு?" திருக்கோவிலூரிலும் அதே கதை. கஸ்தூரியே போனை வாங்கி அழுத பிறகுதான் நம்பினார்கள். போனை வைத்துவிட்டு, அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், அவள் ஒரு கணம் சிரித்ததை நான் பார்த்தேன்.

அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனோம். ஒரு வேனில் பதினாறு பேர். பாலத்தின்மேல் வேன் நிற்கவில்லை. எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் மச்சான், அவர் மடியில் மாமா. காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் இருவரும் நைசாக நழுவி ஓர் ஆட்டோ பிடித்தோம்.

"தீவை ஓரமாவே ஒரு சுத்து சுத்திக் காட்டுப்பா" என்றேன்.

ஆட்டோக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சுத்தி வர்றதுக்கு ரோடே கிடையாதே சார். நடுவுல ஒரு ரோடு. போற வழியிலேயே திரும்பி வரணும்."

கஸ்தூரி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "ரோடே இல்லாத ஊருக்கா எங்கப்பாவ சாவடிச்சீங்க?"

ஆனாலும் போனோம். ரோடு முடிகிற இடத்தில் இறங்கினோம். வலப்பக்கம் கடல். இடப்பக்கம் கடல். எதிரே மணல், அதற்கப்பாலும் கடல். திரும்பிப் பார்த்தால் ஆட்டோ மட்டும். அப்பாவுக்காக அழுகிறாளா, கடலுக்காகவா என்று கேட்கத் துணிவில்லாமல் பக்கத்தில் நின்றேன். வேனிலிருந்து போன்மேல் போன் வந்துகொண்டிருந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு தடவயாச்சும், யாரையும் சாவடிக்காம இங்க வரணுங்க."

இன்னும் போகவில்லை. வருடத்துக்கு இரண்டு தரம் நான் பேச்சை எடுப்பேன். எடுத்த உடனே, வீட்டிலிருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் நன்றாக இருப்பதாக அறிவிக்க ஆரம்பிப்பார்கள். என் மகன் மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பான்:

"இந்த வாட்டி யாருப்பா?"