ஒரே கரண்டு, ஒரே சுருதி

தொண்ணூறுகளில் துடியலூர் பக்கம் தென்னை காய்ப்புக் குறைந்துபோனதற்கு மழை பொய்த்தது காரணமல்ல, வைண்டிங் அண்ணன் பாட்டு எழுதியதுதான் காரணம் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவருடைய பட்டறைக்கு மேல்மாடியில் ஆறு வருடம் குடியிருந்தவன் நான். மில் ஆபீசில் டைப்பிஸ்ட். கீழே அண்ணன் புகைந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார், அதுதான் வைண்டிங். ஆனால் யாராவது தொழில் என்னவென்று கேட்டால், இயேசுசாமிக்குப் பாட்டுக் கட்டுகிறேன், நடுநடுவே காயிலும் கட்டுகிறேன் என்பார். தோள்வரை முடி, ஊரே கைவிட்ட பிறகும் அவர் கைவிடாத பெல்பாட்டம், சட்டைப்பையில் டெஸ்டர், தோளில் கிட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்த உபதேசியாரும் அந்தக் கோலத்தில் இல்லை.

கிட்டாருக்கு அவர் சுருதி சேர்க்கும் முறையை இன்றுவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காயில் கட்டி முடித்த மோட்டாருக்குக் கரண்டு கொடுப்பார். அது ம்ம்ம் என்று ஓட ஆரம்பித்ததும் அதன் பக்கத்தில் குந்தி, அந்த ரீங்காரத்துக்குக் கம்பிகளை முறுக்குவார். சேர்ந்ததும் பாட்டு. தாளத்துக்கு மோட்டார் மூடியை ஸ்பேனரால் தட்டுவார். மோட்டாரை வாங்க வந்த தோட்டக்காரர் வாசலில் தவியாய்த் தவிப்பார்.

"ஏனுங்க, நாத்தெல்லாம் காயுதுங்க. மோட்டாரக் குடுத்துப்போட்டுப் பாடக்கூடாதுங்களா?"

"ஒரே ஒரு சரணந்தானுங்க."

அந்தச் சரணம் சில நாள் மத்தியானச் சாப்பாடுவரை நீளும்.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. துடியலூரிலிருந்து பெருந்துறை வரைக்கும் கம்பியில் ஓடுவது ஒரே கரண்டு. ஆகவே அத்தனை மோட்டாரும் ஒரே சுருதி. ஆண்டவர் கொங்கு நாட்டுக்கே சுருதிப்பெட்டி வைத்துக் கொடுத்திருக்கும்போது மனுசன் தனியாக ஒன்று வாங்குவது அவிசுவாசம். சாயங்காலம் ஊரே மோட்டார் போடுகிற நேரத்தில் ரீங்காரம் கொஞ்சம் இறங்கிவிடுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அதனால்தான் உருக்கமான பாட்டையெல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

வருடத்துக்கு ஒரு கேசட் போடுவார். அட்டையில் பாட்டு வரிசையை டைப் அடித்துக் கொடுப்பது என் ஊழியம். 'தாளம்: ஐந்து எச்.பி. மோட்டார்' என்று நானே என் கையால் அடித்திருக்கிறேன். புதுக் கேசட் வாங்கமாட்டார். பழைய பிரசங்கக் கேசட்டுகளின்மேல்தான் பதிவு செய்வார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விட்ட இடத்தில் பழைய பிரசங்கியார் திடீரென்று எழுந்து, "இன்னும் எத்தனை நாள்" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு மறைவார். பெருந்துறையிலிருந்து ஒரு நேயர், இரண்டாம் பாட்டுக்குப் பின் வந்த அதட்டலைக் கேட்டுத்தான் பீடியை விட்டேன் என்று கடிதம் எழுதியிருந்தார். அண்ணன் இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அதட்டியது நானல்ல, பாட்டு எப்படி இருந்தது என்று எழுதவும் என்று பதில் அடிக்கச் சொன்னார்.

இத்தனை கேசட் போட்டும் அவருக்கு ஒரே ஒரு ஏக்கம்தான். தன் சொந்தச் சபையில், அறுப்பின் பண்டிகை ஆராதனையில், தான் கட்டிய கெட்டகுமாரன் பாட்டைச் சனங்கள் பாடிக் கேட்க வேண்டும். சொத்தைப் பிரித்து வாங்கிப் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வருகிற மகனின் கதை. அண்ணன் பாட்டில் அவன் தறிப்பட்டறைப் பங்கை வாங்கிக்கொண்டு ஊட்டிக்குப் போவான். கிழிந்த சட்டையோடு ஈரோட்டு பஸ்ஸில் வந்து இறங்குவான். வாசலில் நிற்கிற அப்பன் பாடுவார்: "வந்துபோட்டயா கண்ணு, கையக் கழுவிப்போட்டு உக்காரு, சோறாறுது."

வேதாகமத்துத் தகப்பன் இப்படியா பேசுவார் என்று சபைக் கமிட்டி கேட்டது. "மகனத் தூரத்துல பாத்ததும் ஓடி வந்தாருன்னு வேதத்துலயே இருக்குதுங்க. ஓடி வர்ற அப்பன் புஸ்தகத்துல இருக்கறாப்லயா பேசுவாரு?" என்றார் அண்ணன். கமிட்டி மடங்கிவிட்டது. மடங்காதவர் ஆர்கன் டீச்சர்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சபையில் கரண்டு ஆர்கன் வாசிப்பவர். ஆர்கனோடு சேராத பாட்டு ஆலயத்துக்குள் வராது என்பது அவர் சட்டம். அண்ணன் பட்டறையில் சுருதி சேர்த்து, கம்பி இளகிவிடக்கூடாது என்று சைக்கிளை உருட்டிக்கொண்டே போய் ஆர்கன் முன்னால் நிற்பார். டீச்சர் ஒரு கட்டையை அழுத்துவார். கிட்டார் அதற்கு அரைக்கட்டை கீழே நிற்கும். ஆர்கனுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார் டீச்சர். ஆர்கனை மோட்டாருக்குச் சேருங்கள் என்பார் அண்ணன். மூன்று வருடம் இதே கூத்து. ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்து, சத்தமில்லாமல் காயில் கட்டிக்கொண்டிருப்பார். அந்த ஒரு வாரம் மட்டும் தோட்டக்காரர்களுக்கு மோட்டார் சொன்ன நேரத்துக்குக் கிடைக்கும். எனக்கோ மாடியில் சோறு இறங்காது.

நாலாம் வருடம் புதுப் போதகர் வந்தார். ஆர்கன் இல்லாமல் தனியாகப் பாடட்டுமே என்று சமாதானம் சொன்னார். என்னமோ செய்யுங்கள், நான் கை வைக்கமாட்டேன் என்று டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பண்டிகையன்று நானும் போயிருந்தேன். பீடத்தைச் சுற்றிப் பூசணி, கரும்பு, வாழைத்தார். நடுவே அண்ணன், இந்தத் தடவை துணிந்து, அரை எச்.பி. மோட்டார் ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து பூசணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிளக்கைச் சொருகினார். மோட்டார் ஓடியது. கம்பிகளையெல்லாம் தளர்த்திவிட்டு முதல் கம்பியை முறுக்க ஆரம்பித்தார். கரண்டு போய்விட்டது.

மோட்டார் நின்றது. ஃபேன் நின்றது. ஆலயம் நிறைந்த சனங்களுக்கு முன்னால், கம்பிகள் தொங்கிய கிட்டாரோடு அண்ணன் நின்றார். காத்துப் பார்த்தார். சனங்களும் காத்துப் பார்த்தார்கள். யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கரண்டு இல்லீங்க," என்றார் மெதுவாக. "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க." கிட்டாரை உறையில் போடக் குனிந்துவிட்டார்.

அப்போது ஆர்கனுக்குப் பின்னாலிருந்து ம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. கரண்டு வந்துவிட்டதாகவே நான் நினைத்தேன். பார்த்தால், டீச்சர். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல், மோட்டார் மாதிரியே ரீங்காரம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்கனின் கட்டையல்ல. அதற்கு அரைக்கட்டை கீழே.

அண்ணன் நிமிர்ந்து அவரையே பார்த்தார். டீச்சர் மூச்சு வாங்க நிறுத்தி, "என்னத்தப் பாக்கறீங்க? முறுக்குங்க. மூணு வருசமா இந்தச் சத்தந்தான் என் காதுல ஓடிட்டிருக்குது," என்றார்.

அவருக்கு மூச்சு போதாது என்று கண்டு முன்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஆண்கள் பக்கம். நானும் சேர்ந்தேன். ஆலயம் முழுக்க ஒரே ரீங்காரம். அண்ணன் ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்துப் பாட ஆரம்பித்தார். 'வந்துபோட்டயா கண்ணு' என்ற இடத்தில் அவர் அடியைத் தவறவிட்டார். பரவாயில்லை, கேசட்டில் கேட்டுப் பழகிய அந்த அடியைச் சபையே பாடியது. கண்ணு என்ற சொல்லில் டீச்சர் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாக இருந்தது.

இரண்டாம் தடவை அந்த அடிக்கு வரும்போது கரண்டு வந்தது. பிளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பூசணிக்குப் பக்கத்தில் மோட்டார் தானாக எழுந்து ம்ம்ம் என்றது. சனங்களின் பாட்டுக்கும் அதற்கும் ஒரு நூல்கூட விலகல் இல்லை. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பி, ஒரு விரலை மேலே காட்டினார்.

"ஒரே கரண்டுங்க."

அதற்குப் பிறகும் அவர் வருடா வருடம் கேசட் போட்டார். நான் டைப் அடித்துக் கொடுத்த கடைசி மூன்று கேசட்டின் அட்டையில், சுருதி என்ற இடத்தில் டீச்சர் என்று அடிக்கச் சொன்னார்.

இப்போது நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். காலையில் மோட்டார் போடுவது என் பொறுப்பு. தொட்டி நிறைந்து வழிகிறது, இந்த மனுசனுக்குக் காது கேட்காதா என்று கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். நன்றாகவே கேட்கிறது. ஒரே ஒரு சரணந்தான், முடிந்ததும் அணைத்துவிடுவேன்.