பாங்கொக்கில் நான் வழி கேட்கவில்லை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாங்கொக் மாநகரத்தில் நான் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. லண்டன் ஹரோவில் என்னைப் பற்றி வேறு விதமாகக் கதைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கவும்.

சபதம் பிறந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனதைக் கொண்டாட பாங்கொக் போகவேண்டும் என்றாள் என் மனைவி றஜீனா. ஏன் பாங்கொக் என்று நான் கேட்கவில்லை. காரணம் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. விளக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான் உண்டு.

"சுவர்ணபூமி!" என்றேன். "அங்கத்தப் புது விமான நிலையத்துக்குப் பேரே அதுதான். பொன் விளையிற நாடு எண்டு அர்த்தம். தெருப்பேர், கோயில்பேர் எல்லாம் சமஸ்கிருதம். எனக்கு அது சொந்த ஊர் மாதிரி."

"உங்களுக்குச் சொந்த ஊரிலையே வழி தெரியாதே."

"என்ன சொல்லுறீர்?"

"போன மாசம் நோர்பரியில கலியாண வீடு. எங்க போய் நிண்டனாங்கள்?"

"அது வந்து..."

"கட்விக் எயார்போட்டில. இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தால் ஹனிமூனுக்கு வாற மாப்பிள்ளை பொம்பிளையையாவது கண்டிருப்பம். ஒரு மனுசரை நிப்பாட்டிக் கேட்டால் என்ன?"

"படிச்சவன் வழி கேக்கிறேல்லை, றஜீனா. வழியை வாசிக்கிறவன்."

"சரி. அப்ப பாங்கொக்கில வாசியுங்கோ. ஒரே ஒரு ஆளிட்ட வழி கேட்டாலும் உங்கட புத்தக அலுமாரி லொஃப்ற்றுக்குப் போகுது. அந்த இடத்தில நான் சோபா போடுறன்."

என் கை அப்பளத்தோடு அந்தரத்தில் நின்றது. அந்த அலுமாரி முன்னறையின் ஒரு சுவர் முழுக்க நிற்பது. அகராதிகள் மட்டுமே நான்கு தட்டு. கூரைக்குக் கீழே இருக்கும் லொஃப்ற்றில் குளிர்காலத்தில் தண்ணீர் ஒழுகும்.

"கேக்காட்டி?" என்றேன், குரலை உயர்த்தி.

"கேக்காட்டி இனி இந்த வீட்டுப் பயணம் எல்லாத்துக்கும் ஹோட்டல் பாக்கிறது, வழி பாக்கிறது நீங்கள்தான். நான் வாய் திறக்க மாட்டன்."

றஜீனா வாய் திறக்காத பயணம்! நான் அப்பளத்தை நொறுக்கி உடன்படிக்கையில் கைச்சாத்திட்டேன்.

முதலில் ஹோட்டல். சாதாரண மனிதர்கள் விலையைப் பார்ப்பார்கள், காலைச் சாப்பாடு உண்டா என்று பார்ப்பார்கள். நான் பெயரைப் பார்த்தேன். இணையத்தில் தேடத் தேட பிளாசா, இன், லொட்ஜ் என்று ஒரே வறட்சி. கடைசியில் கண்ணில் பட்டது ஒரு முத்து: 'இந்திரவிமான்'. விமானம் என்றால் பறப்பது மட்டுமா? தேவர்களின் மாளிகைக்கும் அதுதான் பெயர். படங்களும் பெயருக்குக் குறைவில்லை. ஒவ்வொரு காருக்கும் தனித் தரிப்பிடம். அதை மூடத் தரை தொடும் ஊதாத் திரை. வட்டக் கட்டில். அறையை விசாலமாகக் காட்டுவதற்காகக் கூரை முழுக்கக் கண்ணாடி. மணித்தியால வாடகையும் உண்டு என்று போட்டிருந்தார்கள். விமானம் மாறக் காத்திருக்கும் ட்ரான்சிற் பயணிகளின் வசதிக்காக இருக்கும் என்று ஊகித்தேன். ஒரு ஹோட்டல் இவ்வளவு யோசித்திருப்பது மகிழ்ச்சி தந்தது.

பக்கத்து வீட்டுத் தர்மேந்திரன் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், லண்டனுக்குப் படிக்க வந்து கணக்காளராக நின்றுவிட்டவர். பாங்கொக் பலதரம் போனவர். வேலிக்கு மேலால் அவரிடம் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சார், இந்த ஹோட்டலா?"

"ஓம்."

"மேடம் கூடயா?"

"வேற ஆரோட போறது?"

"இல்ல சார். சும்மா கேட்டேன். ரொம்ப நல்லது சார்." சொல்லிவிட்டு ஏதோ அடுப்பில் இருப்பதாக உள்ளே ஓடினார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

பாங்கொக்கில் இறங்கினோம். 'சுவர்ணபூமி' என்று எழுதிவைத்துவிட்டு அந்த ஊர்க்காரர் அதை 'சுவன்னபூம்' என்று வாசிக்கிறார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது. குடிவரவு மேசையிலிருந்த பெண்ணுக்குச் சரியான உச்சரிப்பைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் கடவுச்சீட்டை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள்.

டாக்ஸிச் சாரதியிடம், "ராஜதேவி வட்டாரம். இந்திரவிமானம்," என்றேன், ஒவ்வொரு எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து எழுப்பி. அவன் சிரித்துத் தலையாட்டினான். நகரத்துக்குள் நுழைந்து ஒரு பாலத்தின் மேலே ஏறினான். பிறகு அதே பாலத்தின் கீழே வந்தான். பிறகு மறுபடி மேலே ஏறினான்.

"அவனுக்கு இடம் தெரியேல்லைப் போல கிடக்கு," என்றாள் றஜீனா, ஈஸ்ட் ஹாமில் வாங்கிய முறுக்கைக் கடித்தபடி.

"தெரியும். குறுக்கு வழி தேடுறான்."

"இந்தப் பாலத்தில மூண்டாம் தரம் ஏறுறம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஹோட்டலின் படத்தை எடுத்துச் சாரதியின் மூக்குக்கு நேரே நீட்டினேன். கவனியுங்கள்: நான் கேட்கவில்லை, காட்டினேன். ஊதாத் திரையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான், றஜீனாவைப் பார்த்தான், பெருவிரலை உயர்த்தினான். மரியாதை தெரிந்த மக்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் ஒரு தரிப்பிடத்துக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ ஒருவன் ஓடிவந்து எங்களுக்குப் பின்னால் திரையைச் சரேலென்று இழுத்து மூடினான். பெயர் கேட்கவில்லை. கடவுச்சீட்டும் கேட்கவில்லை.

"பாத்தீரோ!" என்றேன். "எவ்வளவு நம்பிக்கை!"

றஜீனா அறைக்குள் போனாள். வட்டக் கட்டிலைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். மேலேயிருந்து இன்னொரு றஜீனா அவளைக் கோபமாகப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"விசாலத்துக்கு."

"என்ன விசாலம்?"

"கண்ணாடி வைச்சால் அறை பெரிசாத் தெரியும். கட்டடக் கலையில..."

தொலைபேசி அடித்தது. றஜீனா எடுத்துக் கேட்டாள், வைத்தாள். "மூண்டு மணித்தியாலமோ, முழு ராத்திரியோ எண்டு கேக்கிறாள்."

"ஆறு ராத்திரி எண்டு சொல்லும்!"

"சொன்னால் அவள் உங்களைப் பாக்க ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவாள்." செபமாலை இருந்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது ஆக்கள் தங்கிற இடமில்லை. வந்து போற இடம். விளங்குதோ?"

நான் ஊதாத் திரையை நினைத்தேன். வட்டக் கட்டிலைப் பார்த்தேன். தர்மேந்திரனின் அடுப்பை நினைத்தேன். விளங்கியது.

"மாதாவே! இருவது வருஷம் கட்டின மனுசியோட வாற இடமோ இது? எடுங்கோ பெட்டியை."

"எங்க போறது? எனக்கு... வந்து... ரோட்டு மப்பை வாசிக்கக் கொஞ்ச நேரம் வேணும்."

"நீங்கள் இருந்து வாசியுங்கோ. நான் போறன்."

அவள் திரையை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். நான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். ஒரு துக்துக் வண்டி நின்றது. றஜீனா அதன் அருகே போய், "தவ்ராய்?" என்றாள்.

"எது தவறாய்?" என்றேன். "நான் ஒண்டும் தவறாய்ச் செய்யேல்லை."

அவள் என்னைக் கவனிக்கவில்லை. அவள் கேட்டது 'எவ்வளவு?' என்று, தாய்லாந்து மொழியில். சாரதி ஒரு விலை சொன்னான். "பேங் பை!" என்று சீறினாள் றஜீனா. அவன் கெஞ்சினான். அவள் நடந்தாள். அவன் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஏறினோம். தெருவில் ஓடும்போது அவள் முன்னால் குனிந்து, நேரே போ, இடப்பக்கம் திருப்பு, இந்தப் பாலத்துக்குக் கீழால் போ என்று கைகாட்டி அவன் மொழியிலேயே அவனை மேய்த்தாள். கடைசியில் அவன் அவளை ஏதோ முறை சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிட்டான். குடிவரவுப் பெண் எனக்கு அப்படிச் செய்யவில்லை.

"றஜீனா," என்றேன். "இந்தப் பாஷை உமக்கு எங்கால?"

"நான் இஞ்ச ட்ரான்சிற்றில நிண்டனான் எல்லே."

"ட்ரான்சிற் எண்டால் மூண்டு நாலு மணித்தியாலம்!"

"அது உங்கட அகராதியில. எங்களைக் களவாய்க் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன்ர அகராதியில பத்து மாசம்."

அவள் என்னைக் கட்டுவதற்காக லண்டனுக்கு வெளிக்கிட்ட வருஷம், பாங்கொக்கில் ட்ரான்சிற் என்று தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மிச்ச மாதங்கள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள் என்று கணக்கை நானே முடித்துவிட்டேன்.

"நீர் எனக்குச் சொல்லேல்லையே!"

"சொன்னனான். கலியாணம் கட்டின கிழமையே தொடங்கினனான், 'நான் ட்ரான்சிற்றில நிக்கேக்க' எண்டு. நீங்கள் அது லத்தீன் சொல்லெண்டு விளக்கம் தொடங்கினீங்கள். நான் சோறு வடிக்கப் போயிட்டன். இருவது வருஷமாய் இப்பிடித்தான்."

அது லத்தீன் சொல்தான். அந்த இடத்தில் அதைச் சொல்லவேண்டாம் என்று தோன்றியது.

துக்துக் பிரதுநாம் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்றது. மாடி வீடு. கீழே உடுப்புக் கடை. உள்ளே இருந்த வெள்ளைத் தலைக்காரி றஜீனாவைக் கண்டதும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். 'மே' என்றால் தாய்லாந்து மொழியில் அம்மா. றஜீனா அவளை மே என்றுதான் கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் பெண்களை அடைத்து வைத்திருந்தது இவளுடைய மேல் அறையில்தான்.

"பொலிசுக்குப் பயத்தில ஒருத்தியும் வெளியில போகமாட்டாளவை. ஆர் சாமான் வாங்கிறது? நான்தான் போனனான். பாஷை தெரியாமல் முதல் நாள் உப்பெண்டு நினைச்சுச் சலவைத்தூள் வாங்கியந்தனான். வத்சலா குழம்பில போட்டுட்டாள்," என்றாள் றஜீனா.

ஈஸ்ட் ஹாமில் சாரிக் கடை வைத்திருக்கும் வத்சலாவை நான் இவளுடைய பள்ளிக்கூடத் தோழி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தோழமை இந்த மேல் அறையின் பாயில் தொடங்கியதாம்.

மேயுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அன்போடு சொன்னாள்: "நாளைக்கு!"

"வணக்கம் எண்டு நினைச்சுச் சொல்லுறா," என்றாள் றஜீனா. "ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு நாளும் வாசலில நிண்டு சொன்ன சொல்லு அதுதான். நாளைக்கு அனுப்புறன், நாளைக்கு அனுப்புறன்."

அந்த வீட்டிலேயே தங்கினோம். மே வாடகை வாங்க மறுத்துவிட்டாள். அந்த ஆறு நாளும் றஜீனா முன்னால் நடந்தாள். கால்வாய்ப் படகு கரையில் நிற்காமலே நகரும்போது கயிற்றைப் பிடித்துத் தாவினாள். என்னையும் கொலரில் பிடித்து உள்ளே இழுத்தாள். ஆகாய ரயில் எந்த இடத்தில் மாறவேண்டும், எந்தச் சந்தில் அன்னாசி இனிக்கும், எந்தத் தேவாலயத்தில் ஆங்கிலப் பூசை, எல்லாம் அவள் விரல் நுனியில். அவள் நாள்களில் இல்லாத ரயிலைக்கூடப் பத்து நிமிஷத்தில் பாடமாக்கிவிட்டாள். சந்தையில் விலை பேசும்போது பக்கத்துக் கடைக்காரிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் பைகளோடு பின்னால் நின்று, "என்ர மனுசி," என்று சொன்னேன், தமிழில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். அவ்வளவு பெருமை எனக்கு என் முதுகலைப் பட்டத்தன்றுகூட வரவில்லை.

ஒருநாள் பத்திரிகை வாங்கத் தனியே போனேன். திரும்பும்போது எல்லாச் சந்தும் ஒரே சந்தாகத் தெரிந்தது. ஒரு சந்தியில் நின்று, கோயிலைப் பார்ப்பவன்போல ஒரு வங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்தது. போக்குவரத்துப் பொலிஸ்காரன் ஒருவன் வந்து எங்கே போகவேண்டும் என்று ஆங்கிலத்திலேயே விசாரித்தான். எங்கும் இல்லை என்றேன். அலுமாரியின் நான்கு தட்டும் கண்முன் நின்றன. கடைசியில் றஜீனா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கேட்கவில்லை. அவளிடம்கூடக் கேட்கவில்லை.

லண்டன் விமானத்தில் ஏறி இருந்ததும் வழக்கை எடுத்தேன்.

"றஜீனா, பந்தயம் வழி கேக்கிறதைப் பற்றித்தான். ஹோட்டல் பிழைச்சதைப் பற்றியில்லை. வழி சொன்னது முழுக்க நீர். நான் ஒரு ஆளிட்டையும் கேக்கேல்லை."

பெரிய வாதத்துக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். அவள் இருக்கைப் பட்டியைக் கட்டியபடி, "ஓமப்பா, வெண்டது நீங்கள்தான்," என்றாள்.

"அப்ப அலுமாரி?"

"அங்கயே நிக்கட்டும். இனிப் பயணமெல்லாம் உங்கட பொறுப்பு. ஹோட்டலும் நீங்கள், வழியும் நீங்கள்."

பன்னிரண்டு மணித்தியாலம் நான் சிரித்த முகத்தோடு பறந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பிலோமினம்மா ஊன்றுகோலோடு வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் பங்கின் மூதாட்டிகள் எல்லோரும் வந்தார்கள்.

"தம்பி, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்! இந்த முறை லூர்து யாத்திரைக்கு நீங்கள்தானாமே பொறுப்பு? றஜீனா சொன்னவ. பாவம், இவ்வளவு வருஷமும் அவதானே எங்களைக் கட்டி மேய்ச்சவ."

"நானோ?"

"எனக்குக் கீழ்மாடி அறை வேணும், தம்பி. படி ஏற ஏலாது."

"எனக்குப் பாலாம்பிகையோட ஒரே அறை வேண்டாம்," என்றது இன்னொரு குரல். "அவ குறட்டை விடுவா."

"ஆர் குறட்டை? நீயெல்லோ!"

"தம்பி, பஸ் மணிக்கொருக்கால் நிக்கவேணும். எங்களுக்குச் சலரோகம்."

"ஹோட்டலில சோறு கிடைக்குமோ, தம்பி?"

நான் கூட்டத்துக்கு மேலால் றஜீனாவைத் தேடினேன். அவள் வாசலில் வத்சலாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவாறு ஊன்றுகோல்களுக்கு இடையால் நெளிந்து வெளியே வந்தேன்.

"என்ன றஜீனா இது! நீரும் பஸ்ஸில வாறீர்தானே?"

"இல்லையப்பா. நானும் வத்சலாவும் அந்தக் கிழமை பாங்கொக் போறம், மேயிட்ட."

என் பொறுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். "ஹோட்டல் பாக்கிறது நான். உடன்படிக்கை!"

"ஓம், ஹோட்டல் நீங்கள்தான்," என்றாள் றஜீனா. "அது வீடு."