பெட்டிக்கு ஒரு பரிகாரம்

"இனிமே இந்த வீட்ல ஒரு போட்டோகூடத் தொலையாது!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், சோயாப்பால் டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் என் வீட்டுக்காரர் சபதம் போட்டார். அவர் சபதம் போட்டால் நான் உடனே ஒரு காரியம் செய்வேன். உடையக்கூடிய சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். மின்விசிறியைச் சரிசெய்கிறேன் என்று அவர் கிளம்பிய அன்று கண்ணாடி ஜன்னல் போனது. அதிலிருந்து இந்தப் பழக்கம்.

அவர் பெயர் ஷிங்-யுவான். லிஃப்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஆனால் தைபேயில் இருக்கிற எல்லா இயந்திரமும் தன் பேச்சைக் கேட்கும் என்பது அவர் எண்ணம்.

மேஜைமேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ரொட்டி வாட்டுகிற அடுப்பு அளவு. உள்ளே இரண்டு டிஸ்க் சொருக இடம்.

"என்னங்க இது?"

"நம்ம வீட்டு ஞாபகம் எல்லாம் இனிமே இதுக்குள்ளதான். போன்ல பாக்கலாம், டிவில பாக்கலாம், ஆபீஸ்ல இருந்தும் பாக்கலாம்."

"உங்க ஞாபகத்தையும் இதுலயே வச்சிருங்க. நேத்து டயப்பர் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

அவர் காதில் வாங்கவில்லை. நான் மெதுவாக டிவிக்குக் கீழே இருந்த ட்ராயரைத் திறந்தேன். அதில் பழைய டிஸ்க் இரண்டு கிடந்தன. ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்றில் எங்கள் மகள் நியூ-நியூவின் வீடியோ எல்லாம் இருந்தது. அவள் முதல் அடி எடுத்து வைத்தது, முதல் தும்மல், அப்பா மூக்கைக் கடித்தது எல்லாம். வேறு எங்கும் அதற்கு நகல் கிடையாது. அடையாளத்துக்கு அதன் ஓரத்தில் நகப்பூச்சு வைத்திருந்தேன். அதை எடுத்துத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

மற்றொன்று அவருடையது. சனிக்கிழமை தவறாமல் இறால் பிடிக்கிற குளத்துக்குப் போய்த் தூண்டில் போடுவார். ஜெயித்த போட்டியின் வீடியோவெல்லாம் அதில்தான் இருந்தது. அந்த டிஸ்க் ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருப்பதாக அவர் நினைப்பு. பனிக்காலத்தில் அவரே கொண்டுவந்து ட்ராயரில் வீசியது அவருக்கு மறந்துபோய்விட்டது.

பெட்டிக்கென்று தள்ளுபடியில் புது டிஸ்க் இரண்டு வாங்கி வந்திருந்தார். சொருகினார். பெட்டி 'பீப்' என்றது. இந்த டிஸ்க் எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. கழற்றி மாட்டினார். பீப். வாயால் ஊதி மாட்டினார். பீப். கடைசியில் பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், அந்த டிஸ்க் எங்க பொருத்தப் பட்டியல்ல இல்லீங்களே."

"டிஸ்க்னா டிஸ்க்தானேம்மா! அளவு சரியா இருக்கு. சும்மா வழுக்கிட்டு உள்ள போகுது!"

"உள்ள போனா போதாதுங்க சார். ஒத்துப்போகணும்."

சமையலறையில் நான் தலையாட்டினேன்.

போனை வைத்துவிட்டுக் கத்தினார். "நம்ம கல்யாணத்துக்குப் பிறந்த நேரம் பாத்தப்பகூட இத்தனை கேள்வி கேக்கலைடீ!"

"கேட்டிருந்தா நடந்திருக்காதுங்க."

உறை கிழித்த டிஸ்க்கைக் கடைக்காரன் திரும்ப வாங்கமாட்டேன் என்றுவிட்டான். அப்புறம்தான் அவருக்குப் பச்சைப் பொட்டலம் ஞாபகம் வந்தது. முக்குக் கடைக்கு ஓடினார்.

தேங்காய் வாசனை அடிக்கிற சோளப்பொரி அது. பெயருக்கே 'சமத்து' என்றுதான் அர்த்தம். எங்கள் ஊரில் இயந்திரம் இருக்கிற இடமெல்லாம் அதன் தலையில் இந்தப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம், பேங்க்கிலும் பார்க்கலாம். பச்சைதான் வைக்க வேண்டும். தேதி தாண்டக் கூடாது. முக்கியமாக, பிரிக்கவே கூடாது. பிரித்தால் இயந்திரம் சமத்தாக இருக்காது.

பொட்டலத்தைப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டார். பெட்டி அப்போதும் பீப் என்றது.

நான் நியூ-நியூவைத் தூங்க வைக்க உள்ளே போனேன். வெளியே ட்ராயர் திறக்கிற சத்தம் கேட்டது. "அட! நியூ-நியூ டிஸ்க் பட்டியல்ல இருக்கே!" என்று தனக்குத்தானே குதித்தார். பிறகு பெட்டி ஏதோ கேட்டிருக்கிறது. அவர் எதையும் படிக்கமாட்டார். வீட்டு வாடகைப் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவர். "சம்மதம், சம்மதம், சம்மதம்" என்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் அதுதான் பயம்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மனிதர் முகம் வேகவைத்த மாவு மாதிரி வெளுத்திருந்தது. "எல்லாம் அழியும், சம்மதமான்னு கேட்டிருக்கே... நான் சம்மதம்னுட்டேனே..." என்று முணுமுணுத்தார். கண்ணில் தண்ணீர். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. 'குழந்தை டிஸ்க் அரிசிக்குள்ள இருக்கு, நீங்க அழிச்சது இறாலை' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் கத்தரிக்கோலை எடுத்தார். பச்சைப் பொட்டலத்தைச் சரக்கென்று வெட்டினார். இரண்டு கைப்பிடி அள்ளி வாயில் போட்டார். மிச்சத்தைத் தரையில் தூவினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நியூ-நியூ அம்மா! இங்க வந்து பாரு! உன் பொண்ணு பண்ணின வேலையை!"

"என்னங்க பண்ணினா?"

"பொட்டலத்தைப் பிரிச்சுட்டா! பெட்டிக்குக் கோபம் வந்திருச்சு. அவ டிஸ்க்ல இருந்த வீடியோ எல்லாத்தையும் அழிச்சிருச்சு!"

"எப்பப் பிரிச்சா? என் மடியிலதானே தூங்கினா."

"தூங்கறதுக்கு முன்னாடி."

"எதால பிரிச்சா?"

"கையாலதான். குழந்தை வேற எதால பிரிக்கும்?"

"கையால பிரிச்சதா இவ்வளவு நேரா இருக்கு? தையல்காரன் வெட்டின மாதிரி?"

"சமத்துக் குழந்தை."

"உங்க சட்டையில என்ன பொரி?"

"தடுக்கப் போனேன். தெறிச்சிருச்சு."

குழந்தைமேல் பழி போட்டாரே என்று எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அப்போ பரிகாரம்தான் செய்யணும்" என்றேன்.

"பரிகாரமா?"

"கீழ்வீட்டு லியாவ் அக்கா சொல்லியிருக்காங்க. பொட்டலத்தைப் பிரிச்சவங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவணும். பாட்டுப் போட்டுட்டு வர்ற குப்பை வண்டிக்குத் தினமும் மூட்டையைத் தூக்கிட்டு ஓடணும். அப்போ போனதெல்லாம் திரும்பி வருமாம்."

அவர் முகத்தில் உயிர் வந்தது. "நிஜமாவா?"

"ஆனா ரெண்டு வயசுக் குழந்தை எப்படிங்க மூட்டை தூக்கும்? விடுங்க, போனது போகட்டும்."

"இரு, இரு! குழந்தைக்குப் பதிலா அப்பா செஞ்சா ஏத்துக்காதா?"

"கேட்டுச் சொல்றேன்" என்று மாடியிறங்கிப் போனேன். லியாவ் அக்கா வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு மேலே வந்தேன். "ஏத்துக்குமாம்."

அந்த மாதம் முழுக்க நான் சிங்க்கில் கை நனைக்கவில்லை. குப்பை வண்டிப் பாட்டு தெருமுனையில் கேட்கும்போதே அவர் செருப்பைப் போட்டுவிடுவார். ஒருநாள் லியாவ் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று கவலையாகக் கேட்டார்.

மாதம் முடிந்த மாலை, அவர் பார்க்காதபோது பெட்டியிலிருந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, அரிசியிலிருந்த நகப்பூச்சு டிஸ்க்கை நானே டிவியில் மாட்டினேன். நியூ-நியூ தத்தித் தத்தி நடந்து வந்து அப்பா மூக்கைக் கடித்தாள். அவர் தேம்பித் தேம்பி அழுதார். பெட்டியைத் தடவிக் கொடுத்தார். மறுநாள் காலை, ஆபீஸில் எல்லோரிடமும் பரிகார மகிமையைச் சொல்லப்போவதாகக் கிளம்பினார். கூடவே தன் இறால் போட்டியையும் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"ஆபீஸ் அலமாரியில என் டிஸ்க்கைக் காணோம்."

"பனிக்காலத்துல நீங்கதானே அந்த ட்ராயர்ல கொண்டுவந்து போட்டீங்க?"

அவர் ட்ராயரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அப்போ அன்னிக்கு நான் அழிச்சது..."

"நீங்களா அழிச்சீங்க? நியூ-நியூன்னு சொன்னீங்களே?"

 அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏய்... இன்னும் ஒரு மாசம் கழுவினா இறாலும் வருமா?"

"கழுவிப் பாருங்க."