நான் போட்ட ரோடு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ரோடு போட்டிருக்கிறேன். தார் இல்லை, ஜல்லி இல்லை, கான்ட்ராக்டர் இல்லை, கம்ப்யூட்டரில் போட்டது. அதில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புவியியல் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு சர்வே வேலையில் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துபோக எத்தனை நிமிடம் என்று அளந்து, கம்ப்யூட்டர் வரைபடத்தில் நிறம் பூச வேண்டும். பத்து நிமிடத்துக்குள் என்றால் பச்சை, மேலே போனால் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்துக்குப் புது ரேஷன் கடை. கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி கொடுத்தார்கள். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் மகள் எங்கே நிற்கிறாள் என்று வானத்திலிருந்து ஒன்று பார்த்துச் சொல்கிறது! முதல் வாரம் முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். (இரண்டு முறை கொடிக்கம்பத்தில் முட்டிக்கொண்டேன். ஒன்று ஆளுங்கட்சி, இன்னொன்று எதிர்க்கட்சி. என் மண்டை யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை.)

ஊர் எல்லையில், வயல்களுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. ரேஷன் கடை இந்தப் பக்கம். நடுவிலிருந்த வண்டிப்பாதையை நிலத்துக்காரருக்கும் குத்தகைக்காரர்களுக்கும் நடந்த வழக்கில் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். நான் போனது மே மாதம். பாதை அடைபட்டால் என்ன? பக்கத்திலேயே அகலமாக, இரண்டு பக்கமும் கரை வைத்து, சைக்கிள் தடம் பதிந்த மண்ரோடு ஒன்று போயிற்று. இவ்வளவு அழகான ரோட்டை எந்த வரைபடத்திலும் காணோமே என்று அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

எதிரே தலையில் ரேஷன் அரிசியோடு ஒரு பெண் வந்தார். காலனிக்காரர், பெயர் மல்லிகா.

“அக்கா, உங்க வீட்லேர்ந்து கடைக்கு நடந்துபோக எவ்ளோ நேரம் ஆகும்?”

“இப்பவா, தண்ணி வந்தப்புறமா?”

எங்கள் வீட்டில் தண்ணி வருவது என்றால் குழாயில் வருவது. குடத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“இப்பவே சொல்லிடுங்கக்கா. நான் அடுத்த தெருவுக்குப் போகணும்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இப்பன்னா ஏழு நிமிஷம்.”

ஏழு என்று எழுதினேன். ரோட்டைக் கடைசிவரை நடந்து கருவியில் பதிந்தேன். காலனி பச்சைப்பசேல் என்று ஆயிற்று.

ஜூன் கடைசியில் வரைபடத்தைச் சரிபார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் புதுக் கடை வேறு வார்டுக்குப் போய்விடும். அதைப் பற்றியெல்லாம் எனக்கு என்ன கவலை? “ஜீப் வேணாம் மேடம், என் ரோட்லயே நடந்து போயிடலாம்” என்று முன்னால் நடந்தேன்.

பாதி தூரத்தில் பார்த்தால் இரண்டு கரையிலும் ஜனங்கள், கையில் பூ, தட்டில் சூடம். “நம்மள வரவேற்க வந்திருக்காங்க மேடம்” என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் தலையணையில் முகம் புதைத்துக்கொள்கிறேன்.)

“ஏறுங்க! கரைக்கு ஏறுங்க!” என்று கத்தினார்கள். மேடம் ஏறிவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன்.

காவிரி வந்துகொண்டிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர். நுரையும் சருகுமாக, வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, நிரப்பி, அவசரமே இல்லாமல் நகர்ந்து வந்தது. காய்ந்த மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. டெல்டாவில் பிறந்து வளர்ந்தும் அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. செயற்கைக்கோளைப் பார்த்து வாய் பிளந்தவள், வாய்க்காலைப் பார்த்துக் கரையேற மறந்து நின்றேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது. காவிரிக்குப் போட்ட பூ பாதி என் தலையில் விழுந்தது. இடது செருப்பு கடைமடைக்குக் கிளம்பிவிட்டது. நான் ரோட்டில்தான் நிற்கிறேன் என்று கருவி அப்போதும் சாதித்தது.

கையைப் பிடித்துக் கரையேற்றியது மல்லிகா.

மேடம் அவரிடம் கேட்டார்: “இப்ப கடைக்குப் போக எவ்ளோ நேரம்மா?”

“மெயின் ரோட்டச் சுத்திக்கிட்டுப் போகணும் மேடம், முக்கா மணி ஆகும். அரிசியோட ரெண்டு எடத்துல உக்காந்து எந்திரிக்கணும். தை மாசம் வரைக்கும் இப்பிடித்தான். அன்னைக்கே இவங்களக் கேட்டேன், இப்பவா தண்ணி வந்தப்புறமான்னு. இவங்களுக்கு அவசரம்.”

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏற இருந்த அரை வருடச் சுமையை நான் பச்சை பூசி மறைத்திருக்கிறேன். மேடம் திட்டவில்லை. வரைபடத்தையும் ஒரு சிவப்புப் பேனாவையும் நீட்டினார். சொட்டச் சொட்ட நின்றபடி காலனியை நானே சிவப்பாக்கினேன்.

அடுத்த வருடம் காலனிக்குள்ளேயே கடை வந்தது. திறப்பன்று படிவத்தோடு போய் மல்லிகாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். இந்த முறை இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“மூணு நிமிஷம்” என்றார். பிறகு, “தண்ணி வந்தாலும்” என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மண்டபம் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, என்னைப் பெற்ற அத்தாவே அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

“அதை மட்டும் இவகிட்டக் கேக்காதீங்க. வாய்க்கால்லயே நடத்திக் கூட்டிட்டுப் போயிடுவா.”