பேசும் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா மிகவும் நன்றாக இருக்கிறாள். நான் இருக்கிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ ஆசையாக வாங்கி அனுப்பிய அந்தப் பேசும் பெட்டியை வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையான பெட்டி. எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறது. பிரச்சினையே அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து மணியை எடுத்துக்கொள். அடித்தால் பிள்ளைகள் ஓடிவருவார்கள், அதனால் அது மணி. பள்ளியை மூடிவிட்டு மணியை மட்டும் தொங்கவிட்டால் அது வெறும் இரும்பு. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த ஒரே வகுப்பு உன் அக்காதான். பாடத்தில் விருப்பமில்லாத மாணவி. ஆனாலும் தினமும் ஏதாவது கேட்பாள். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, நாம் நடந்தால் நிலா ஏன் கூடவே வருகிறது, இப்படி. இப்போது எல்லாம் பெட்டியிடம்தான். போன வாரம் ஜன்னலோரம் நின்று, “இன்னைக்கு மழை வருமா?” என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “மேகம் எப்படி உருவாகுதுன்னா…” என்று ஆரம்பிப்பதற்குள், “மாலையில் மழைக்கு வாய்ப்புள்ளது” என்று முடித்துவிட்டது பெட்டி. “உங்களைக் கேக்கலீங்க,” என்றாள் உன் அக்கா. எவ்வளவு மென்மையாகச் சொன்னாள் தெரியுமா? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“ஏன் என்னைக் கேக்க மாட்டேங்கிற?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அது கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுது. உங்ககிட்ட மணி என்னன்னு கேட்டா, கடிகாரத்தைக் கண்டுபிடிச்சவர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவீங்க.”

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அதற்கு ஒரு பரீட்சை வைத்தேன். “மனுஷன் எதுக்காக வாழ்றான்?” மூச்சுகூட வாங்காமல் ஐந்து காரணங்கள் சொன்னது, அதில் ஒன்று உடற்பயிற்சி. உதாரணம் ஒன்றுகூட இல்லை. பாதி மதிப்பெண்தான் போடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அது என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை, என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலை பார்த்த காலத்தில் ஆசைகளெல்லாம் பாடத்திட்டம் மாதிரி தாமாகவே வந்தன: வீடு, மகள் படிப்பு, மகள் கல்யாணம். இப்போது ஆசைப்பட எவ்வளவோ நேரம் இருக்கிறது. சாவியைத் தொலைத்தவன் எல்லாப் பைகளையும் தட்டிப் பார்ப்பதுபோல் தேடினேன், ஓர் ஆசையும் கையில் தட்டுப்படவில்லை. சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால், “முழங்கால் வலிக்குது” என்று சொல்லிவைத்தேன். ஏதோ கேட்டது, நானும் மரியாதைக்குச் சரி என்றேன். இரண்டு நாளில் ஒரு டஜன் முழங்கால் உறைகள் வாசலில் வந்து இறங்கின. “யாருக்குங்க இத்தனை முழங்கால்?” என்றாள் உன் அக்கா. அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

எனக்கு என்ன வேண்டும் என்பது அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் புரிந்தது. அவள் என்னை ஏதாவது கேட்க வேண்டும். அதைப் பெட்டியிடம் சொல்லி வரவழைக்க முடியாது. எனவே தயவுசெய்து வந்துவிடு. குழந்தைகளுக்கு என் ஆசி. நன்றாகப் படிக்கட்டும், சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் பெட்டியைத் தொடாதே. இதை உறையில் போடப் போனபோது, உன் அக்கா அதனிடம் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது. “வீட்ல இருக்கறது ரெண்டே பேரு. ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் என்ன பண்றது?” மன்னிக்கவும், கேள்வி புரியவில்லை என்றது பெட்டி. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் மன்னிப்பு. அப்புறம் என் பக்கம் திரும்பி, “சரி, நீங்களாவது சொல்லுங்க,” என்றாள். வாயைத் திறந்தேன். ஓர் உதாரணம்கூட வரவில்லை. “தெரியலை,” என்றேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“இவ்வளவு சுருக்கமா நீங்க பதில் சொல்லி நான் கேட்டதே இல்லைங்க,” என்றாள்.